ஒரே சொல்லுக்குள் மூன்று அதிர்ச்சி

தம்பி, உங்கள் கேள்வி நீளமானது. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாமா மோட்டார் சைக்கிளில் போகும்போது டிப்பர் அடித்து விழுத்தியது. நீங்கள்தான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனீர்கள். வழியெல்லாம் கதைத்துக்கொண்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டும் வந்தவர், ஆஸ்பத்திரி வாசலில் மாமி ஓடிவந்து பார்க்கும்போது நினைவு தப்பி, அன்றிரவே போய்விட்டார். மரண விசாரணையில் காரணம் 'குருதிப்பெருக்கினால் ஏற்பட்ட அதிர்ச்சி' என்று பதிவானது. செத்த வீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாமல் இருந்த மாமியைப் பார்க்க வந்த உளவளத்துணையாளர், "அவ அதிர்ச்சியில இருக்கிறா, இது சாதாரணம்தான்" என்றார். நட்டஈடு பற்றிக் கேட்கப் போன இடத்தில் சட்டத்தரணி, "நரம்பு அதிர்ச்சிக்கும் கேட்டுப் பாக்கலாம், ஆனா அவவுக்கு நோய் வருத்தம் எண்டு டொக்டர் எழுதித் தரவேணும்" என்றார். மூன்று பேரும் சொன்னது ஒரே அதிர்ச்சியா என்று கேட்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: "அவர் பயந்துதான் செத்தவரோ எண்டு மாமி ஒவ்வொரு நாளும் கேக்கிறா."

அந்த வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. மரண விசாரணையில் எழுதப்பட்ட அந்தச் சொல்லுக்கும் பயத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை மாமிக்கு இன்றைக்கே சொல்லுங்கள். மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம்.

இந்தக் குழப்பத்தில் மாட்டிய முதல் ஆள் மாமி அல்ல. பல வருடங்களுக்கு முன் ஒரு கத்திக்குத்து வழக்கில் நான் மருத்துவச் சாட்சி சொல்லப் போயிருந்தேன். பழக்கதோஷத்தில் ஆங்கிலத்தில் 'ஹெமரேஜிக் ஷொக்' (குருதிப்பெருக்கு அதிர்ச்சி) என்றுவிட்டேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் முதலியார் ஒரு கணமும் யோசிக்காமல், "இரத்தத்தைக் கண்ட அதிர்ச்சியினால் இறந்தார்" என்று தமிழாக்கினார். எதிரிக்காகத் தோன்றிய சட்டத்தரணி விடுவாரா? "அப்படியென்றால் குத்தினால் சாகவில்லை, இரத்தத்தைப் பார்த்த பயத்தால்தான் செத்தார், அப்படித்தானே?" ஈரலில் நாலு அங்குல ஆழக் காயம். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதன்பிறகு நான் எந்த நீதிமன்றத்திலும் அந்தச் சொல்லைத் தனியே விட்டதில்லை. "இரத்தம் இழந்ததால் உடம்பின் உறுப்புகளுக்கு இரத்தம் போய்ச் சேராத நிலை" என்று முழுதாகச் சொல்லிவிடுவேன்.

மருத்துவத்தில் அதிர்ச்சி என்பது அவ்வளவுதான். உடம்பின் கோடிக்கணக்கான உயிரணுக்களுக்குத் தேவையான ஒட்சிசன் போய்ச் சேராத அளவுக்குக் குருதிச் சுற்றோட்டம் தளர்ந்துபோவது. மனசு அதில் ஒரு கட்சிக்காரரே இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் படுத்திருக்கும் ஆளுக்கும் அதிர்ச்சி வரும், பிறந்து ஒரு நாளான குழந்தைக்கும் வரும்.

எங்கள் தோட்டக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றில் தண்ணீர், அதை இறைக்க வாட்டர் பம்ப், தண்ணீர் ஓட வாய்க்கால், கடைசியில் வெங்காயப் பாத்தி. பாத்தி காய்ந்து கிடக்கிறது என்றால் காரணம் நாலில் ஒன்று. கிணறு வற்றியிருக்கலாம்: இரத்தம் போனது, வாந்தி வயிற்றோட்டத்தில் நீர் போனது, பெரிய எரிகாயம் எல்லாம் இதற்குள் வரும். கிணற்றில் தண்ணீர் இருந்தும் பம்ப் இழுக்காமல் விடலாம்: பெரிய மாரடைப்பில் இதயம் தளர்வது அப்படித்தான். பம்பும் சரி, கிணறும் சரி, ஆனால் வாய்க்காலில் யாரோ கல்லைப் போட்டு அடைத்துவிட்டால்? நுரையீரலுக்குப் போகும் குழாயில் இரத்தக்கட்டி அடைப்பது, நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்து இதயத்தை நெரிப்பது இந்த வகை. நாலாவது, வரம்பெல்லாம் உடைந்து தண்ணீர் கண்டபாட்டுக்குப் பரவிப்போவது: தண்ணீரின் அளவு குறையவில்லை, ஆனால் பாத்திக்கு வருவதில்லை. கடுமையான கிருமித்தொற்றிலும் ஒவ்வாமையிலும் இரத்தக் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து இப்படி ஆகும். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவியபோது எங்கள் மக்கள் கேள்விப்பட்ட மரணங்களையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கிருமியும் முற்றினால் உடம்பை இந்த நிலைக்குக் கொண்டுபோகக் கூடியது.

உங்கள் மாமாவுக்கு நடந்தது முதலாவது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம் இருக்கும். முதல் 750 மில்லிலீற்றர் போகும்வரை வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. இரத்ததானத்தில் அரைப் போத்தல் கொடுத்துவிட்டு ரீ குடித்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போகிறோமே. ஒன்றரை லீற்றர் வரை போனாலும் உடம்பு சமாளிக்கும். எப்படி? தூரத்துப் பாத்திகளுக்குத் தண்ணீரை மறித்துவிட்டு மூளைக்கும் இதயத்துக்கும் மட்டும் மாறிவிடும். அதனால்தான் கைகால் குளிர்கிறது, தோல் வெளிறி வேர்க்கிறது, சிறுநீர் குறைகிறது, நாடி ஓடுகிறது. மூளைக்கு இரத்தம் போய்க்கொண்டிருப்பதால் ஆள் கதைத்துக்கொண்டிருப்பார். குருதியமுக்கம்கூடச் சரியாக இருக்கலாம். மூன்றில் ஒரு பங்கு இரத்தம் போகும் கட்டத்தில்தான் அது சரியத் தொடங்கும், தொடங்கினால் வேகமாகச் சரியும். ஒரு தொடை எலும்பு முறிந்தாலே ஒரு லீற்றருக்கு மேல் உள்ளுக்குள் ஒழுகலாம். வெளியே ஒரு கீறலும் தெரியாது. இடுப்பெலும்பு உடைந்தால் அதைவிடக் கூட.

"கதைச்சுக்கொண்டு வந்த மனுசன், ஆஸ்பத்திரியைக் கண்டவுடன பயத்தில போயிட்டுது" என்று செத்த வீட்டில் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் இந்த வசனத்தை எத்தனையோ செத்த வீட்டில் கேட்டிருக்கிறேன். கதைத்துக்கொண்டு வந்தது உடம்பு கடைசிவரை சமாளித்ததன் அடையாளம். ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது அந்தச் சமாளிப்பு முடிந்துபோனது. அந்த நேரம் எங்கே வந்திருந்தாலும் அங்கேதான் மயங்கியிருப்பார்.

இடையில் ஒரு விசயம், சொல்லாமல் போக மனம் வரவில்லை. எங்கள் ஊரில் விபத்து என்றால் முதல் வேலை சோடா உடைப்பது. விழுந்தவரைத் தூக்கி இருத்தி, முகத்தில் தண்ணீர் அடித்து, வாயில் சோடாவை வைப்பார்கள். அதிர்ச்சி என்றால் பயம், பயத்துக்குச் சோடா, என்ற கணக்கு. இரத்தம் போகும் ஆளுக்கு இது ஆகாது. நினைவு குறைந்தவருக்கு நுரையீரலுக்குள் போய்விடும், அவசர சத்திரசிகிச்சைக்கும் இடைஞ்சல். படுக்கவையுங்கள், இரத்தம் வரும் இடத்தை ஒரு சீலையை மடித்து வைத்து விடாமல் அமத்துங்கள், மேலே ஒன்றால் போர்த்துங்கள், 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வைத்திருப்பது இன்னும் முக்கியம்.

டெங்குவைப் பற்றியும் இதற்குள்ளேயே சொல்லவேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் அதிர்ச்சி என்ற சொல்லைச் சரியாக விளங்கிக்கொண்டால் அதிக உயிர் தப்புவது அங்கேதான். ஐப்பசி மழை தொடங்கினால் தை மாதம்வரை எங்கள் வார்ட்டுகள் நிரம்பிவிடும். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் கொதிக்கும்போது இல்லை, காய்ச்சல் விடும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், 24 முதல் 48 மணித்தியாலம் வரை, இரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். சிவப்பணு உள்ளே நிற்கும், தண்ணீர் வெளியே போய்விடும். கிணறு நிறைந்திருப்பது போலத் தெரியும், இறைத்தால் சேறுதான் வரும். அப்போது குருதியமுக்கத்தின் மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒன்றையொன்று நெருங்கும். 100க்கு 85 என்று ஒரு தாதி சொன்னால் கேட்கிறவருக்கு நல்ல பிரஷர் போலிருக்கும். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் அது டெங்கு அதிர்ச்சி. தாய் சொல்லுவா: "காய்ச்சல் விட்டிட்டுது டொக்டர், உடம்பு குளிர்ந்து போய் இருக்கு, நித்திரை கொள்ளுறான்." அந்தக் குளிர்ச்சியைத்தான் நான் பயப்படுகிறேன். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத் துரத்திக்கொண்டு பப்பாசி இலையை இடித்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைக்குக் கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், வேறு நோக்குளிசை வேண்டாம். வயிற்று நோ, நிற்காத வாந்தி, குளிர்ந்த கைகால், இருப்புக்கொள்ளாமை வந்தால் காத்திராமல் வார்ட்டுக்குக் கொண்டுபோங்கள்.

ஒவ்வாமை அதிர்ச்சியை விரைவாகத் தாண்டுகிறேன். குளவி கொட்டி, றால் தின்று, பெனிசிலின் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் ஆள் சரிவது. இதைக் கண்டு பெயரிட்டதற்காக ஷார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு அறிஞருக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து ஒன்றுதான்: தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரீனலின். எங்கள் பக்கத்தில் பாம்புக்கடிக்கு ஏற்றும் விஷமுறிமருந்து குதிரையின் சீரத்திலிருந்து வருவதால் அதற்கே இந்த ஒவ்வாமை அடிக்கடி வரும். அதனால்தான் பக்கத்தில் அட்ரீனலினை எடுத்துவைத்துக்கொண்டு ஏற்றுவார்கள். கரண்ட் அடிப்பதையும் ஷொக் என்கிறோம். அது வேறு சாதி. 230 வோல்ட் உடம்புக்குள்ளால் போய் இதயத்தின் ஓட்டத்தைக் குழப்புவது. தமிழில் 'மின்னதிர்ச்சி' என்று எழுதுவதால் நாலாவது குழப்பமும் சேர்ந்துவிட்டது.

இப்படி ஒரே பெயர் எல்லாவற்றுக்கும் எப்படி வந்தது? 1743 இல், பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ல திரான் துவக்குச் சூட்டுக் காயங்களைப் பற்றி எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் 'ஷொக்' மருத்துவத்துக்குள் நுழைந்தது என்று சொல்வார்கள். குண்டு வந்து மோதும் அந்த மோதலைத்தான் அந்தச் சொல் முதலில் குறித்தது. மோதலின் பெயர் பிறகு மோதலால் வரும் நிலைக்கு ஆனது. அது உடம்பின் வழியே ஒரு பக்கமும், மனசின் வழியே இன்னொரு பக்கமுமாகப் பிரிந்துபோனது.

மனசின் பக்கம் பிரிந்த இடம் முதலாம் உலகப் போர். 1915 பெப்ரவரியில் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழில் மூன்று படையினரைப் பற்றி எழுதினார். பார்வை மங்கியது, நினைவு தப்பியது, காயம் இல்லை. அவர் எழுதிய பெயர் 'ஷெல் ஷொக்'. ஷெல் என்றால் என்னவென்று எங்கள் தலைமுறைக்கு எந்த நாட்டுக்காரனும் விளக்கத் தேவையில்லை. கூவிக்கொண்டு வரும் சத்தத்தை வைத்தே தலைக்கு மேலால் போகிறதா, பக்கத்தில் விழப்போகிறதா என்று சொல்லக்கூடியவர்கள் நாங்கள். வெடிப்பின் அதிர்வு மூளையைக் குலுக்கிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தார்கள். ஷெல் விழுந்த இடத்துக்குக் கிட்டவும் போகாதவர்களுக்கும் அதே நடுக்கம், அதே ஊமை வந்தபோது அந்த விளக்கம் நிற்கவில்லை. 1917 இல் பிரித்தானிய இராணுவம் அந்தப் பெயரையே எழுதவேண்டாம் என்று தடுத்தது. பெயர் போனதே தவிர வருத்தம் போகவில்லை. ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக அந்தப் போரில் சுட்டுக்கொல்லப்பட்ட 306 பிரித்தானிய, பொதுநலவாயப் படையினருக்கு 2006 இல்தான் மன்னிப்புக் கிடைத்தது. அவர்களில் சிலர் நோயாளிகள் என்பதை ஒப்புக்கொள்ள 90 வருடம்.

எங்கள் பேச்சில் இதற்கு 'அதிர்ச்சி' என்ற சொல்லே பெரிதாக இருந்ததில்லை. பிள்ளை 'ஏங்கிப்போச்சுது' என்போம். 'வெருண்டு போனான்', 'விறைச்சுப்போய் இருக்கிறா', 'பயந்த கோளாறு' என்போம். கோயிலில் நூல் கட்டுவிப்போம், விபூதி போடுவிப்போம். நான் இவற்றைச் சிரித்துத் தள்ளுகிற ஆள் இல்லை. ஏங்கிப்போன பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஊரே கவனிக்கிறது என்று காட்டும் வழி அது. உளவியல்காரர் பின்னால் வந்து 'மனவடு' என்ற சொல்லைத் தந்தார்கள். எங்கள் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அந்தப் பெயரிலேயே தமிழில் நூல் எழுதினார். ஏங்கிப்போவதும் மனவடுவும் ஒன்றல்ல. காயம் பட்ட அன்று வரும் நோவு ஒன்று, ஆறாமல் நிற்கும் வடு இன்னொன்று.

மாமி இப்போது இருப்பது முதலாவதில். அழாதது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, நடந்தது யாருக்கோ நடந்ததுபோல் இருப்பது, வந்த ஆட்களுக்கு ரீ ஊற்றிக்கொண்டு திரிவது, பிறகு திடீரென்று ஒரு பெருமூச்சு. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இந்த உடனடி எதிர்வினை உளநோய்களின் வரிசையிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. நடந்ததுக்கு ஏற்ற எதிர்வினை, நோய் அல்ல. ஆகவே உளவளத்துணையாளர் சொன்னது சரி. "அழப்பண்ணுங்கோ, இல்லாட்டி நெஞ்சு வெடிச்சிடும்" என்று ஒப்பாரிக்கு இழுக்கும் உறவுக்காரரை மெதுவாக மறியுங்கள். அழுகை வரும்போது வரட்டும். நடந்ததை முழுக்கச் சொல்லவைத்துக் கொட்டவைப்பதாலும் வடு வராமல் போவதில்லை, ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டிவிட்டன. "ஒருக்கா சேலைன் ஏத்தி விடுங்கோ டொக்டர்" என்று கொண்டுவந்து நிற்பவர்களும் உண்டு. அது மாமாவுக்குத் தேவைப்பட்டது, மாமிக்கு அல்ல. முதல் மாதத்தில் இப்படிப்பட்டவர்களுக்கு நித்திரைக் குளிசை கொடுத்துப் பழக்கவேண்டாம் என்பதும் அதே ஸ்தாபனத்தின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டலில் இருக்கிறது. பக்கத்தில் இருங்கள், சாப்பாட்டைப் பாருங்கள், அவ கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள்.

எதுவரை பொறுத்துப் பார்ப்பது? நோய்ப் பட்டியல்கள் ஒரு மாதம் என்கின்றன. எங்கள் கணக்கில் 31 ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை. இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல். அந்தியேட்டி முடிந்த பிறகும் அந்த ஆஸ்பத்திரி வாசல் கண்முன்னே திரும்பத் திரும்ப வருகிறது, டிப்பர் சத்தம் கேட்டால் துள்ளி எழும்புகிறா, அந்த வீதியால் போக மறுக்கிறா, நித்திரை இல்லை என்றால் உளநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலும் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலும் அதற்கு வசதி இருக்கிறது. சாக நினைப்பதாக ஒரு சொல் சொன்னால் மாதக் கணக்குப் பார்க்கவேண்டாம், அன்றே.

ஒரு எச்சரிக்கை. மனசின் அதிர்ச்சியும் உடம்பின் அதிர்ச்சியும் வேறு வேறு என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு அதையே நான் கொஞ்சம் மறுக்கவேண்டி இருக்கிறது. 1990 இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு இதய நோயை விவரித்தார்கள். பேரிழப்பு, பெரும் பயம் வந்த உடனே இதயத்தின் இடது அறை ஊதி, ஒக்டோபஸ் பிடிக்கும் பானையின் வடிவத்துக்கு வரும். அந்தப் பானையின் பெயரே நோயின் பெயர்: தகொற்சுபோ. வருவது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு. அநேகமானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். சிலருக்கு பம்ப் தளர்ந்து உண்மையான மருத்துவ அதிர்ச்சியே வரும். ஆக, மாமிக்கு நெஞ்சு நோ, மூச்சு வாங்குதல் என்றால் "கவலைதானே" என்று விடாமல் ஈ.சி.ஜி. எடுப்பியுங்கள்.

இனிச் சட்டம். சட்டத்தரணி சொன்ன 'நரம்பு அதிர்ச்சி', இன்னொருவரின் கவனயீனத்தால் ஒருவரின் மனசுக்கு வரும் நோய்க்குச் சட்டம் வைத்த பெயர். உடம்பையும் மனசையும் பார்க்கும் நாங்கள் அதிர்ச்சி என்றால் ஒரு ஆளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். சட்டத்துக்கு அது ஒரு வேலி. ஒரு வேலிக் கதியாலுக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது, வேலி என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஒருவர் கவனயீனமாக வாகனம் ஓட்டி ஒருவரைக் கொன்றால் தாய், மனைவி, நண்பர், தெருவில் நின்றவர், செய்தியில் பார்த்தவர் என்று நூறு பேர் கலங்குவார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது? நீதிமன்றங்கள் நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக இந்த வேலியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கின்றன.

தொடக்கம் ஒரு ரயில் கடவை. மெல்பனுக்குப் பக்கத்தில் கடவைக் காவலாளி தவறுதலாகப் படலையைத் திறந்துவிட, குதிரை வண்டியில் கணவனோடு கடந்த மேரி கூல்ற்ராஸ் என்ற பெண்ணை ரயில் மயிரிழையில் தவறவிட்டது. மோதவில்லை. அவர் மயங்கி விழுந்தார், கர்ப்பமும் கலைந்தது. 1888 இல் பிரித்தானியப் பிரிவிக் கவுன்சில், அந்தக் காலத்தில் இலங்கைக்கும் கடைசி மேன்முறையீடு போன அதே இடம், உடம்பில் படாத வெறும் பயத்துக்கு நட்டஈடு இல்லை என்றது. இல்லாத வருத்தத்தை இருப்பதாகச் சொல்லி எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற பயம்! 1901 இல் இங்கிலாந்தில் ஒரு மதுக்கடைக்குள் குதிரை வண்டி புகுந்த வழக்கில் வேலி கொஞ்சம் நகர்ந்தது: தனக்கே ஆபத்து என்று பயந்தவருக்கு உண்டு. 1942 இல் எடின்பரோவில் கூடையில் மீன் விற்ற கர்ப்பிணிப் பெண் ஒருவரின் வழக்கு வந்தது. எங்கள் பாசையூர்ச் சந்தை அம்மாக்களில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ட்ராமின் மறுபக்கம் நின்று கூடையைத் தூக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதிய சத்தத்தைக் கேட்டார், பிறகு வீதியில் இரத்தத்தைப் பார்த்தார், குழந்தை இறந்தே பிறந்தது. இறந்த ஓட்டுநரை அவருக்குத் தெரியாது, அவர் ஆபத்து வட்டத்துக்குள்ளும் நிற்கவில்லை. தோற்றுப்போனார்.

மாமிக்குக் கிட்ட வரும் வழக்கு 1982 இல், அப்போது பிரித்தானியாவின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த மக்லொக்லின் வழக்கு. வீட்டில் இருந்த தாய் ஒருவர், கணவனும் பிள்ளைகளும் விபத்தில் சிக்கிய செய்தியை ஒரு மணித்தியாலமளவு கழித்துக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஒரு மகள் இறந்துவிட்டாள், மற்றவர்கள் சேறும் எண்ணெயுமாய்க் கிடந்தார்கள். விபத்தைக் காணாதபோதும் அவரை உள்ளே விட்டார்கள். ஆனால் 1989 இல் ஹில்ஸ்பரோ உதைபந்தாட்ட மைதான நெரிசலுக்குப் பின் வந்த வழக்கில் வேலி மறுபடியும் இறுகியது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், பல மணித்தியாலம் கழித்துப் பிணத்தை அடையாளம் காட்டியவர்கள் எல்லோரும் வெளியே. 'சடுதியாக' வந்த அதிர்ச்சியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் நின்றது. 2024 ஜனவரியில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றமே அந்த 'சடுதி' நிபந்தனை தேவையில்லை என்றுவிட்டது. அந்த அளவுக்கு அந்தச் சொல் சட்டத்துக்குள்ளேயே இளைத்துப்போயிருக்கிறது.

இது ஆங்கிலச் சட்டம். நட்டஈட்டு விசயத்தில் எங்கள் சட்டத்தின் வேர் உரோமன் டச்சுச் சட்டம். (யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையை எதிர்பார்க்கவேண்டாம். 1707 இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த அது சீதனம், முதுசம் என்று சொத்தோடு நின்றுவிடும்.) அதே வேரிலிருந்து வந்த தென்னாபிரிக்கத் தீர்ப்புகளை எங்கள் நீதிமன்றங்கள் எடுத்துப் பார்ப்பது வழக்கம், சட்டத்தரணி அவற்றைத்தான் புரட்டுவார். தம்பி கார் மோதிச் சாவதைக் கண்ணால் கண்ட சிறுவனுக்கு, 1973 இல் வெளியான பெஸ்டர் வழக்கில் நட்டஈடு கிடைத்தது. கைகால் எப்படி உடம்போ அப்படியே மூளையும் நரம்பும் உடம்புதான் என்றது அந்த நீதிமன்றம். பின்னர் வந்த பார்னாட் வழக்கில், மகன் இறந்த செய்தியைச் சொல்லக் கேட்ட தாயின் வழக்கைக்கூடத் தள்ளவில்லை. 'நரம்பு அதிர்ச்சி' என்ற பெயர் பழசு, பொருத்தமில்லாதது என்றும் சொன்னார்கள். நானும் அந்தக் கட்சி.

வேலி எங்கே இருந்தாலும் ஒரு படலை எல்லா இடத்திலும் உண்டு: மருத்துவரால் பெயர் சொல்லக்கூடிய உளநோய் இருக்கவேண்டும். கவலைக்கும் துக்கத்துக்கும் மட்டும் காசு இல்லை. உங்கள் வீட்டுச் சிக்கல் இதில்தான். "இது சாதாரணம்" என்று உளவளத்துணையாளர் சொன்னதும், "வருத்தம் எண்டு எழுதித் தரவேணும்" என்று சட்டத்தரணி சொன்னதும் ஒரே வாரத்தில் இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. இப்போதைக்கு முதலாமவர் சொன்னதே உண்மை. இரண்டாவதற்காக மாமியை இன்றைக்கே ஒரு மருத்துவருக்கு முன் இருத்தி நோயாளி என்று எழுதுவிக்காதீர்கள். அப்படி எழுதிய கடதாசி வழக்கில் நிற்காது, அதைவிட, எழுதிய பெயருக்குள் ஆளே போய் இருந்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன். அந்தியேட்டிக்குப் பின்னும் குறி இருந்தால் சிகிச்சைக்காகக் கூட்டிப்போங்கள். சிகிச்சையின் பதிவே பிறகு சாட்சியாகும். குறி இல்லாமல் தேறிவிட்டால் அந்தப் பகுதியை விட்டுவிடலாம். மாமாவின் உழைப்பில் வாழ்ந்த குடும்பம் அந்த ஆதரவை இழந்ததற்கான கோரிக்கை வேறு, அதற்கு மாமி நோயாளியாக இருக்கத் தேவையே இல்லை. இரண்டையும் பிரித்துக் கேளுங்கள் என்று சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

காலக்கெடு இரண்டு வருடம், காலவிதிப்புச் சட்டப்படி. அவசரப்படத் தேவையில்லை, ஆனால் மறக்கவும் கூடாது. மாமாவின் பெட் ஹெட் ரிக்கற்றின் (ஆஸ்பத்திரிச் சிகிச்சைப் பதிவின்) பிரதியையும் பிரேத பரிசோதனை அறிக்கையையும் இப்போதே விண்ணப்பித்து எடுத்து வையுங்கள். அன்றிரவே பொலிஸ் உங்களிடம் வாக்குமூலம் எடுத்தது என்று எழுதியிருந்தீர்கள். அதில் நேரமோ இடமோ பிழையாகச் சொல்லியிருப்பதாக இப்போது தோன்றினால் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் நினைவு துண்டு துண்டாகத்தான் பதியும். பிறகு குறுக்கு விசாரணையில் அதைப் பொய் என்பார்கள்.

மாமா தண்ணீர் கேட்டதும், நீங்கள் கொடுக்காததும். அதைக் கேள்வியின் நடுவில், சும்மா சொல்வது போல எழுதியிருந்தீர்கள். இரத்தம் குறைந்தால் தாகம் எடுக்கும், அது உடம்பு கிணற்றைத் தேடுவது. நீங்கள் கொடுத்திருந்தாலும் அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்திருக்காது. கொடுக்காதது சரி.

மாமா, மாமி, வழக்கு எல்லாம் கேட்டீர்கள். ஓட்டோவில் அவரின் தலையை மடியில் வைத்திருந்தது நீங்கள். உங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இரவில் நித்திரை கொள்கிறீர்களா? அந்த வீதியால் இப்போது போகிறீர்களா? அதையும் எழுதுங்கோ.